செவ்வாயைச் சுற்றும் மூன்று எதிரிகள்

மார்ச் 3, ஞாயிறு

டெடேயின் கார் இன்றும் எங்கள் வாசற்கதவை மறித்து நின்றது. டெடே என் மனைவி இமாஸின் தம்பி, அடுத்த சந்தில் வீடு, முக்கில் பக்ஸோ, அதாவது கறி உருண்டைச் சூப்புக் கடை. அவன் சந்து குறுகலாம், அதனால் அவன் காருக்கு என் வாசல். ஹாரன் அடித்தேன். கையைத் துடைத்தபடி ஓடிவந்தான். அவனும் இமாஸும் என்னை 'கங்', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். "கங், அஞ்சே நிமிஷம்!" அந்த அஞ்சு நிமிஷம் பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பரவாயில்லை. டெடே இப்போது செவ்வாய் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

இதை எழுதும்போதே எனக்கு மனம் நிறைகிறது. கணினியில் நான் ஆடும் விண்கல விளையாட்டில் கலத்தில் ஏறுகிறவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். மற்றவர்கள் மனைவி பெயர், பூனை பெயர் வைக்கிறார்கள். நான் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்தேன். எனக்குத் தீங்கு செய்தவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. கலத்தில் மூன்று இருக்கை. ஒன்றில் டெடே. இரண்டாவதில் குமிலார் - கல்லூரியில் என் துறைத்தலைவர், நான் கேட்ட ஆய்வுக்கூடத்தை நேற்று சேர்ந்தவனுக்குக் கொடுத்தவர். மூன்றாவதில் சுஹெர்லான்.

சுஹெர்லானைப் பற்றி எத்தனை நோட்டில் எழுதிவிட்டேன்! விமான ஆலையில் பக்கத்து மேசைக்காரன். தொண்ணூற்றைந்தில் எங்கள் சின்ன விமானம் முதல்முறை பறந்து இறங்கிய அன்று மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து விருந்து வைத்தார்கள். கூம்பின் நுனி, அந்த வேலையில் யார் முதன்மையோ அவருக்கு. இறக்கையை வரைந்தவன் நான். நுனி சுஹெர்லானுக்குப் போனது. பிறகு ஆலை ஆட்களைக் குறைத்தபோது நான் வெளியே, அவன் உள்ளே.

எந்தக் கலத்திலும் என் பெயரை நான் வைப்பதில்லை. போகிறவர்கள் போகட்டும். நான் கீழே காப்பியோடு பார்ப்பவன்.

மார்ச் 6, புதன்

வரும் ஞாயிறு மூவரும் பூமிக்குக் கிளம்பவேண்டும். ஃபோபோஸ் என்ற குட்டி நிலாவில் இறங்கிக் கல் பொறுக்கியாகிவிட்டது. இறங்கு கலத்தைக் கழற்றி விட்டாயிற்று. இனி ஒரே வேலை, எஞ்சினை ஓட்டி வீட்டுக்குத் திரும்புவது.

இந்த விளையாட்டை இணையத்தில் சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில் நாற்பத்தொரு பேர், பெரும்பாலும் ஜாவாக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே வானம், ஒரே கடிகாரம். தினமும் மாலை நாலு மணிக்கு அந்தக் கடிகாரம் பத்து நாள் முன்னே தள்ளப்படும். இன்னொரு விதி: கிளம்பியது கிளம்பியதுதான். தப்பு செய்துவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடுவது கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த விதி. வாழ்க்கையில் எனக்கு அப்படித்தானே நடந்தது, மற்றவர்களுக்கும் நடக்கட்டும்.

குழுவில் ஒரே தொல்லை 'தாஹு புலாத்'. யார், எந்த ஊர், ஆணா பெண்ணா - தெரியாது. வண்டியில் ஒலிபெருக்கி வைத்து, சுடச்சுடப் பொரித்து விற்கிறார்களே அந்த உருண்டை தோஃபு, அதன் பெயரைப் புனைபெயராக வைத்திருக்கிற ஆசாமி. டிசம்பரில் நான் ஏவுவதற்கு முன், 'பாக்' என்று ஐயா பட்டத்தோடு என் பெயரைச் சொல்லி எழுதியது: "பாக் திஸ்னா, திரும்பி வர எரிபொருள் ரொம்ப இறுக்கமா இருக்கு. கணக்கை இன்னொரு தடவை பாருங்க. கொஞ்சம் கூடவே வைங்க."

இருபத்தைந்து வருடம் முன்பு விமான இறக்கை வரைந்தவனிடம்! கூடுதல் தொட்டியைக் கழற்றிவிட்டுத்தான் ஏவினேன். வேண்டுமென்றே.

'கணக்கை இன்னொரு தடவை பாருங்க' - இது ஆலையில் சுஹெர்லான் வாய் ஓயாமல் சொல்வது. வேறு யாராக இருக்கமுடியும்?

மார்ச் 10, ஞாயிறு

போதவில்லை.

எஞ்சின் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தேன். முதல் ஓட்டம் சரி. இரண்டாவதற்கு முன் அளவுமானியைப் பார்க்கிறேன் - தேவையைவிட நொடிக்குத் தொண்ணூறு மீட்டர் வேகம் குறைகிறது. மூன்று முறை கூட்டினேன். ஃபோபோஸில் சாய்ந்து இறங்கினேனே, நிமிர்த்தக் கொஞ்சம் செலவானதே, அதுதான். அதற்குத்தான் கூடுதல் தொட்டி என்று ஒன்று வைப்பார்கள்.

இருப்பதை வைத்துக் கிளம்பினால் பூமியைத் தவறவிட்டுச் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது ஓட்டத்தைக் கைவிட்டேன். செவ்வாயைச் சுற்றி ஒரு நீண்ட முட்டை வடிவப் பாதையில் நிற்கிறார்கள். சாப்பாடு இருநூற்றுத் தொண்ணூறு நாளைக்கு. நம் கணக்கில் ஏப்ரல் 8, மாலை நாலு மணி.

குழுவில் தாஹு புலாத் ஒரு சொல் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மார்ச் 11, திங்கள்

இமாஸ் பார்த்துவிட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்தவள் திரையில் தம்பி பெயரைப் பார்த்தாள்.

"இது என்ன, டெடேன்னு போட்டிருக்கு?"

"விளையாட்டு."

"பக்கத்துல இந்தச் சிவப்பு எழுத்து?"

"சாப்பாடு குறையுதுன்னு அர்த்தம்."

"முடிஞ்சா?"

முடிந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். குழுவின் முகப்பில் நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. இறந்த பயணிகளின் பெயரும் தேதியும் அதில் ஏறும். அழிக்க முடியாது. சொல்லியிருக்கக்கூடாது.

"உயிரோட இருக்கற மனுஷன் பேரைச் செத்தவங்க பலகையில எழுதுவீங்களா? பமாலி! பமாலி, கங்! எங்கம்மா இருந்திருந்தா உங்களை விளக்குமாத்தால அடிச்சிருப்பாங்க."

செய்யக்கூடாத காரியம் என்று நம் ஆட்கள் சொன்னால் அதற்கு மேல் வாதம் கிடையாது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டினாலே பமாலி. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பலகையில் 'சுஹெர்லான், 8 ஏப்ரல்' என்று மனதில் எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை. நான் அவனைத் தொலைவில் வைக்க நினைத்தேன். அவ்வளவுதான்.

"என் தம்பியை நீங்கதானே அனுப்பினீங்க? நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

சரி என்றேன். இருபத்தேழு வருடத் திருமணத்தில் அவளுக்கு நான் கொடுத்த வாக்குகளில் இதுதான் மிகத் தொலைவானது.

மார்ச் 12, செவ்வாய்

டெடேயே வந்துவிட்டான். அக்கா சொல்லியிருக்கிறாள். கையில் ஒரு கிண்ணம் பக்ஸோ.

"கங், அங்கே நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"சுத்திட்டிருக்கே."

"இங்கேயும் அதானே பண்றேன்! கூட யாரு?"

"குமிலார்னு ஒருத்தர். சுஹெர்லான்னு ஒருத்தன்."

"நல்லவங்களா?"

"எனக்குப் பிடிக்காதவங்க."

கரண்டியை நீட்டியவன் அப்படியே நின்றான். திரையில் மூன்று பெயரையும் படித்தான்.

"அப்ப நானும்...?"

"கார்," என்றேன்.

"ஓ."

பிறகு சிரிக்கப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கங். செவ்வாய் வரைக்கும் அனுப்பணுமா?"

பதினொரு வருடத்தில் ஹாரன் அடித்திருக்கிறேனே தவிர, வார்த்தை சொன்னதாக நினைவில்லை. பக்ஸோ நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மார்ச் 13

வாசலில் கார் இல்லை. வாசல் என்னவோ போல இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்ப எப்போது வேண்டுமானாலும் முடியாது. இரண்டு கிரகமும் தோதாக நிற்கவேண்டும். அந்த வாய்ப்பு சனிக்கிழமை. அதை விட்டால் விளையாட்டுக் கணக்கில் இரண்டு வருடம் கழித்துத்தான். அதற்குள் மூவரும் பலகையில்.

மீட்புக் கலம்: ஆள் இல்லை. முன்பகுதியில் எண்ணூறு நாள் சாப்பாடு. பின்பகுதியில் எரிபொருள், எஞ்சின். சாதாரணமாக இருநூற்று அறுபது நாள் பயணம். நான் எரிபொருளை வாரி இறைத்து இருநூற்றிருபதில் போகிறேன். இந்தத் தடவை இறுக்கம் எதுவும் கிடையாது. போய்ச் சேரும்போது அவர்களிடம் இருபது நாள் சாப்பாடு மிச்சமிருக்கும்.

வரைபடத்தைக் குழுவில் போட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். தாஹு புலாத் எழுதியது: "சாப்பாட்டுப் பகுதிக்கும் எரிபொருள் பகுதிக்கும் நடுவுல ஒரு இணைப்பு வளையம் வைங்க, பாக். முன்பகுதியிலேயும் திசை திருப்ப நாலு சின்ன உந்தி வைங்க. தேவைப்பட்டா ரெண்டாப் பிரிச்சுக்கலாம்."

எதற்கு என்று கேட்டேன்.

"தெரியாது. பிரிக்க முடியற பொருள்னா நல்லது."

இதுதான் பொறியியலா! ஐம்பது கிலோ வீண் எடை. மறுப்பு எழுத ஆரம்பித்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த இமாஸ் சொன்னாள்: "வெச்சுத் தொலைங்களேன். உள்ளே இருக்கறது என் தம்பி."

வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 16, சனி

ஏவினேன். மதியத் தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு. அழகாகப் போனது. கலத்தின் முன்னுனியை மூடும் மூக்கு மூடி, எல்லாம் வெள்ளை வெளேரென்று. ஒரு நடுக்கம் இல்லை. இமாஸ் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "போயிடுச்சா?" என்றாள். போய்விட்டது.

மார்ச் 21

துறைக் கூட்டம். குமிலார் நாற்பது நிமிடம் பேசினார், தேநீர் செலவைப் பற்றி. எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'உமக்கு இன்னும் நூற்றெண்பது நாள்தான் சாப்பாடு, தெரியுமா?' என்று தோன்றியது. "பாக் திஸ்னா, ஏதோ சிரிக்கறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அவரை மீட்பதில் எனக்கு விருப்பம் ஒன்றும் அதிகமில்லை. ஒரே கலத்தில் இருக்கிறார், என்ன செய்வது.

மார்ச் 29

நூறு நாள் சாப்பாடு. டெடே தினமும் காலையில் கேட்கிறான், "இன்னிக்கு எத்தனை, கங்?" பக்ஸோ கடை வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். கடைச் சுவரில் நாள் எழுதிவைத்திருக்கிறானாம், படுபாவி.

ஏப்ரல் 6, சனி

கலம் போய்ச் சேர்ந்தது. நூறு மீட்டர் தொலைவில் பழைய கலம். சூரிய ஒளியில் மூன்று சின்ன ஜன்னல்கள் தெரிந்தன. ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, என் நோட்டுதானே.

மூக்கு மூடியைக் கழற்றினேன்.

முன்னுனி இணைப்பு வளையம் தலைகீழ்.

வளையத்துக்கு ஒரு முகம், ஒரு முதுகு. முகம் வெளியே பார்க்கவேண்டும். அப்போதுதான் இன்னொரு வளையம் அதைப் பற்றும். என்னுடையது முகத்தை உள்ளே சாப்பாட்டுப் பெட்டியின் மேல் பதித்துக்கொண்டு, முதுகை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை மோதிப் பார்த்தேன். சுவரில் முட்டுவது போல விலகிப்போனது.

இது முதல் வாரத்தில் புதியவர்கள் செய்யும் தப்பு. அப்படிச் செய்தவர்களைக் குழுவில் நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன்! சுராபாயா பல் மருத்துவர் ஒருவரை, 'செருப்பையும் இப்படித்தான் போடுவீர்களா' என்று கேட்டவன் நான்தானே. மூக்கு மூடி மறைத்திருந்தது. கழற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன்? திஸ்னா கட்டிய கலமாயிற்றே!

சாப்பாடு நூறு மீட்டர் தூரத்தில். பசியோடு மூன்று பேர். திங்கள் நாலு மணிக்குப் பலகை.

இமாஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

குழுவில் எழுதினேன்: "வளையத்தைத் தலைகீழாக வைத்துவிட்டேன். என் தவறு. என்ன செய்வதென்று தெரியவில்லை." இந்த மூன்று வாக்கியத்தில் இரண்டாவதை எழுத அரை மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 7, ஞாயிறு

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருக்கிறது. சுராபாயா பல் மருத்துவர் எழுதியது: "பாக், நானும் அப்படித்தான். ஆனா என் செருப்பு சரியாத்தான் இருக்கு." ஏற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே தாஹு புலாத்:

"நடுவுல ஒரு வளையம் வெச்சீங்களே, அது சரியா இருக்கு. அங்கே பிரிங்க. சாப்பாட்டுப் பகுதியைத் திருப்பி, பின்பக்கம் முதல்ல வர்ற மாதிரி கொண்டு வாங்க. மெதுவா. அவசரப்பட்டு இழுக்காதீங்க. அது தானா வரும்."

நடு வளையம்! அந்த ஐம்பது கிலோ!

பிரித்தேன். சாப்பாட்டுப் பகுதி தனியே மிதந்தது. நான்கு சின்ன உந்திகள் - அவையும் அந்த ஆசாமி சொன்னவைதான். பின்னோக்கி ஓட்டுவதில் இடது வலது எல்லாம் மாறிவிடுகிறது. டெடே கடையை மூடிவிட்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"இடது பக்கம், கங்! உங்களுக்கு இல்ல, எனக்கு இடது!"

"உனக்குன்னா எந்த உனக்கு? இங்கே நிக்கறவனுக்கா, அங்கே இருக்கறவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் பசிக்குது!"

"டெடே, வாயை மூடு," இது இமாஸ். "கங், நீங்க மூச்சை விடுங்க."

முப்பது மீட்டர். பத்து. ஒன்று. தொட்டது, கொஞ்சம் ஆடியது, பற்றிக்கொண்டது.

சிவப்பு எழுத்து பச்சையானது.

டெடே என்னைக் கட்டிக்கொண்டான். மாட்டுக்கறிச் சாற்று வாசனை. எரிபொருள் பகுதியைப் பக்கவாட்டு வளையத்தில் இணைத்தேன் - ஃபோபோஸில் இறங்கிய கலம் முன்பு ஒட்டிக்கொண்டிருந்த இடம், காலியாக இருந்தது. அது இருபதே நிமிடத்தில் முடிந்தது.

தாஹு புலாத்துக்கு நன்றி எழுதினேன். 'நன்றி' மட்டும். சுஹெர்லானுக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஏப்ரல் 8

நாலு மணி. கடிகாரம் நகர்ந்தது. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 19

வாசலில் மறுபடி டெடேயின் கார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி.

மே 27, திங்கள்

திரும்பும் வாய்ப்பு வந்தது. நோன்பு நாள். நாக்கு வறண்டிருந்தது. அதனால்தான் வறண்டது என்று வைத்துக்கொள்கிறேன். எஞ்சினை ஓட்டினேன். தேவையானது கிடைத்து, தொட்டியில் மிச்சமும் இருக்கிறது. மூவரும் பூமியை நோக்கி.

ஜூன் 5, லெபரான் - நோன்பு முடிந்த பெருநாள்

உறவினர் வீடுகள், ரெண்டாங் கறி, கெத்துபாட் சோறு. போகிற வீட்டிலெல்லாம் கைகூப்பி, "வெளியேயும் உள்ளேயும் மன்னிச்சிடுங்க." வருடா வருடம் வெளியே மட்டும் மன்னிக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

வண்டியில் இமாஸ் சொன்னாள், "அந்த சுஹெர்லான் வீட்டுக்குப் போங்க."

"எதுக்கு?"

"அவர் பேரைச் செத்தவங்க பலகை வரைக்கும் கொண்டுபோனீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

போகிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்க அல்ல. 'தாஹு புலாத் நீதான், எனக்குத் தெரியும்' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல.

ஜூன் 6, வியாழன்

பக்கத்து ஊர் சிமாஹியில் இருக்கிறான். ஓய்வு பெற்று வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி குராமி மீன் வளர்க்கிறான். முழங்கால் வரை சேறு.

"யாரு... திஸ்னாவா! ஏய், நரைச்சே போயிட்டியே!"

"நீ மட்டும் என்னவாம்?"

"எனக்கு நரைக்க முடி எங்கே இருக்கு?"

உட்காரவைத்தான். வந்த வேகத்தில் கேட்டுவிட்டேன், தாஹு புலாத் நீதானே என்று.

"என்னது? நான் மீன் வளக்கறேன்பா. தோஃபு விக்கல."

அவன் வீட்டில் கணினியே இல்லை. எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. விளையாட்டு, பெயர், பசி, வளையம். கேட்கக் கேட்க அவன் வயிறு குலுங்கியது. கண்ணீரைச் சேற்றுக்கையால் துடைத்தான்.

"அஞ்சு மாசமா நான் செவ்வாயைச் சுத்தறேன், ஒரு பய எனக்குச் சொல்லலியா! இப்ப எங்கே இருக்கேன்?"

"வந்திட்டிருக்கே. இருபத்திரண்டாம் தேதி இறங்குவே."

"அதெல்லாம் சரி, ஏன் என் பேரு?"

"நுனி," என்றேன்.

"எந்த நுனி?"

"சோத்துக் கூம்பு நுனி. தொண்ணூத்தஞ்சு."

சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உன் பேரைத்தான்டா முதல்ல கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை. மண்டபம் பூரா தேடினாங்க. எங்கே போயிருந்தே? முன்னாடி நின்னவன் நான், என் கையில தட்டைத் திணிச்சுட்டாங்க. நான் தின்னேன்னா நினைச்சே? கொண்டுபோய் உன் மேசை மேல வெச்சேன்."

பொய் என்றேன். தோளைக் குலுக்கினான். வரும்போது இரண்டு குராமி மீனைப் பிடித்துப் பையில் போட்டுக் கொடுத்தான். ஆலை என்னை ஏன் அனுப்பியது, அவனை ஏன் வைத்துக்கொண்டது - அதையும் கேட்க நினைத்திருந்தேன். பையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

அலமாரியின் மேலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். தொண்ணூற்றைந்து. என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்தது. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'விமானம் இறங்கியதும் மண்டபத்தில் கைதட்டல். எனக்கு அங்கே இருக்கப் பொறுக்கவில்லை. ஓடுபாதைக்கு ஓடினேன். சக்கரங்கள் இன்னும் சூடாக இருந்தன. இறக்கையின் அடியில் படுத்து ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். ஒன்றுகூட நெகிழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் விருந்து முடிந்துவிட்டது. நுனி சுஹெர்லானுக்காம். என் மேசையில் எவனோ எச்சில் சோறு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எறும்பு மொய்த்தது. குப்பையில் கொட்டினேன்.'

நானேதான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 8

இமாஸிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். "எறும்பாவது சாப்பிட்டுச்சே," என்றாள். சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. இருபத்துநாலு வருடச் சிரிப்பு இருக்கும்.

ஜூன் 22, சனி

வீடு கொள்ளாத கூட்டம். குழுவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், சுராபாயா பல் மருத்துவர் உட்பட. (முதல் வேலையாக என் செருப்பைப் பார்த்தார்.) சுஹெர்லான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "நான் இறங்கற நாளாச்சே." இமாஸ் விடியலிலிருந்து மஞ்சள் சோறு வேகவைத்துக் கூம்பாகக் குவித்திருந்தாள்.

தாஹு புலாத்தையும் அழைத்திருந்தேன். பத்து மணிக்கு ஒரு மோட்டார்பைக் வந்து நின்றது. இறங்கியது ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பை நிறைய, சூடாக, அதே உருண்டை தோஃபு.

"பாக் திஸ்னா வீடுதானே? நான் நினிங். காருத் ஊர்ல மருத்துவச்சி. முப்பது வருஷமாச்சு."

சுஹெர்லானைத் திரும்பிப் பார்த்தேன். டெடேதான் அம்மா என்று மரியாதையாக அழைத்துக் கேட்டான், "ஏன் இபு இப்படி ஒரு பேரு?"

"பிரசவம் பாத்துட்டு வரும்போது வழியில அதுதான் சூடாக் கிடைக்கும், தம்பி."

"அந்தப் பின்பக்கம் முதல்ல கொண்டு வர்ற யோசனை..." என்று இழுத்தேன்.

"அப்படி வர்ற குழந்தைங்க எத்தனை பாத்திருக்கேன்! பதறி இழுக்கக்கூடாது, அவ்வளவுதான். உங்க குழு விதி எனக்கு அதனாலதான் பிடிச்சுது. கிளம்பினது கிளம்பினதுதான். எங்க தொழில்ல யாரையும் திருப்பி உள்ளே அனுப்ப முடியாது. அதான் பையில எப்பவும் ஒரு துணி கூடவே வெப்பேன்."

கூடுதல் தொட்டி என்பதை இந்த அம்மாள் ஒரு துணியில் சொல்லிவிட்டார். நான் அதற்குப் பட்டம் வாங்கியவன்.

பதினொன்றரைக்குக் கலம் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது. திரை முழுவதும் நெருப்பு. வெப்பக் கவசம் கரைந்து கரைந்து மெலிந்தது. நெருப்பு அணைந்தது. பாராசூட் மூன்றும் பூத்தன. ஜாவாவுக்குத் தெற்கே கடலில் 'தொப்'.

சுஹெர்லான் எழுந்து நின்று தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொண்டான். "முழுசா இருக்கேன்." டெடே, "எனக்குத் தலை சுத்துது, கங்," என்றான். குமிலார் வரவில்லை, அழைக்கவும் இல்லை. அவரும் இறங்கினார்.

கூம்பை வெட்டும் நேரம். நான் கலத்தின் கவசம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கத் திரைப்பக்கம் போனேன். இமாஸ் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தத் தடவை எங்கேயும் போயிடாதீங்க!"

வெட்டினேன். நுனியைத் தட்டில் வைத்து இபு நினிங்கிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மறுபடியும் எனக்கு இல்லியா?" சுஹெர்லான்.

"உன் பங்கை எறும்பு தின்னாச்சு."

உருண்டை தோஃபுவை முதன்முறையாகச் சாப்பிட்டேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு! பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு சாப்பிட்டேன்.

ஜூன் 24

துறைக் கூட்டம். குமிலார் மறுபடி தேநீர் செலவு. இவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் பேசி முடித்ததும், ஆய்வுக்கூடம் எனக்கும் வாரத்தில் இரண்டு நாள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லியே, பாக்," என்கிறார். கொடுத்தும்விட்டார். இரண்டு வருடம் முன்பு கேட்டேன். மனதுக்குள் கேட்டேனோ? அந்த வருட நோட்டை எடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

புதிய கலம். வெள்ளி கிரகத்தைச் சுற்றி வரும் பயணம், நான்கு இருக்கை. வளையத்தின் முகம் வெளியே பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

காலையில் சுஹெர்லான் தொலைபேசியில்: "என் பேரைப் போடு. எனக்கு வழி பழக்கமாயிடுச்சு." டெடேவுக்கும் வரவேண்டுமாம், சாப்பாட்டில் மிளகாய்ச் சம்பல் இருந்தால். தலைவர் இருக்கைக்கு இபு நினிங்கைக் கேட்டேன். "எரிபொருள் கணக்கை நான் பாத்த பிறகுதான்," என்றார்.

நான்காவது இருக்கை. பழக்கத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். குமிலார் பெயர் மட்டும் கோடு அடிக்கப்படாமல் இருந்தது. அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். வாரம் இரண்டு நாள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்போகிற ஆளை வெள்ளிக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டுமா?

என் பெயரைப் போட்டேன்.

இமாஸ் காப்பி வைக்க வந்தவள் திரையைப் பார்த்தாள். நான்கு பெயரையும் மெதுவாகப் படித்தாள். கடைசிப் பெயரில் நின்றாள்.

"திரும்பி வர்றதுக்கு எரிபொருள் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேன்," என்றேன். "கொஞ்சம் கூடவே."